எட்டுக் கட்டம் நடைபாதை: மூன்று முறை பூசினேன், நாலாவது முறை தோண்டினேன்

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து வாசற்படி வரை 32 அடிக்கு ஒரு கான்கிரீட் நடைபாதை இருக்கிறது. 4 அடி அகலம், 4 அடிக்கு ஒரு கோடு என்று எட்டுக் கட்டங்கள். வீடு கட்டியபோதே போட்டது. அதில் மூன்றாவது கட்டம் எப்போது இறங்கியது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கால்களுக்கு அது பழகிப்போயிருந்தது. இருட்டில் வந்தாலும், இரண்டு கையிலும் பையோடு வந்தாலும், அந்த இடத்தில் கால் தானாகவே பார்த்து இறங்கும். புதிதாக வருபவர்கள்தான் தடுமாறுவார்கள். "பார்த்து, பார்த்து" என்போம். அதோடு மறந்துவிடுவோம்.

அப்பா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். வாக்கரின் முன்சக்கரங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூன்றாவது கட்டத்தில் சக்கரம் தடக்கென்று இறங்க, அவர் முன்பக்கம் சாய, நானும் மச்சானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். ஆறாவது கட்டத்தில் சக்கரம் முட்டி நின்றேவிட்டது. அங்கிருந்து வாசற்படிக்கு வாக்கரோடு அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுபோனோம். அன்று மாலையே அந்த இரண்டு இடத்திலும் ப்ளைவுட் துண்டு போட்டு, நகராமல் இருக்க அடியில் பழைய ரப்பர் விரிப்பை வைத்தேன். நடைபாதையைச் சரிசெய்யப்போகிறவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள். "இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்" என்று எல்லாரும்தான் நினைப்போம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வர ஐந்து மாதம் ஆனது.

முதல் முறை செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்டோர் ரூமில் பாதி மூட்டை சிமெண்ட் கிடந்தது. கட்டி தட்டியிருந்ததைச் சலித்துவிட்டு, மணலோடு குழைத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவாகப் பூசினேன். பார்க்க அழகாகவே இருந்தது. மூன்றே வாரத்தில் மெல்லிய விளிம்பு முதலில் செதில் செதிலாக வந்தது, பிறகு முழுத் துண்டும் தட்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. கட்டி தட்டிய சிமெண்டைச் சலித்தாலும் போன வலு திரும்பாது. மூன்று மாதம் சும்மா வைத்திருந்தாலே சிமெண்டின் வலு குறைய ஆரம்பித்துவிடும். என்னுடையது ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

இரண்டாவது முறை புது சிமெண்ட் வாங்கினேன். "சிமெண்ட் அதிகம் போட்டால் அதிக வலு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று மணல் கலந்தேன். காய்ந்ததும் ஆமை ஓடு மாதிரி வெடிப்பு. சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும் என்பது அப்போது தெரியாது. மூன்றாவது முறை கொஞ்சம் படித்துவிட்டு இறங்கினேன்: பழைய தளத்தை உளியால் கொத்திவிட்டேன், கழுவினேன், கலவை ஒட்டிக்கொள்வதற்காகச் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பூசினேன். பூசிவிட்டு உள்ளே போய்க் கலவையைத் தயார்செய்து திரும்பி வருவதற்குள் அந்தப் பால் காய்ந்து வெள்ளையாகிவிட்டது. அதன்மேலேயே கலவையைப் போட்டேன். காய்ந்த சிமெண்ட் பால் ஒட்டுவதற்கு உதவாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தூள் படலமாக நின்று, ஒட்ட வேண்டியதைப் பிரித்தே வைக்கும். அதுவும் பெயர்ந்தது.

இதற்கப்புறம்தான், பக்கத்து வீட்டில் வேலைசெய்துகொண்டிருந்த வயதான மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, கேட்டிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு கட்டமும் 'டிங்' என்று கணீரென்றன. மூன்றாவதில் 'டொப்'. காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி. ஒரு மூலையில் ஏறி நின்று உடம்பை ஆட்டினார். கட்டமும் அவரோடு லேசாக ஆடியது.

"மேலே பூசிப் பூசி என்ன பண்றது தம்பி? கீழே ஒண்ணுமே இல்லையே."

பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவதற்கும் நடுவிலிருந்த விரிசலில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் பரவவில்லை, தேங்கவில்லை. விரிசலின் வாயில் ஒரு சின்னச் சுழி விழுந்தது, அவ்வளவுதான், வாளி காலி. இரண்டாவது வாளியும் அப்படியே போயிற்று. எங்கே போகிறது என்று நான் விரிசலைப் பார்க்க, அவர் மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே முடிகிறது. இத்தனை வருடமாக என் கண்ணில் படாத குழாய் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். அத்தனையும் ஒரே குழாய் வழியாக, ஒரே இடத்தில் வந்து விழுகிறது. போகும்போது கட்டத்துக்கு அடியிலிருக்கும் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது. மண் போன இடத்தில் கான்கிரீட் அந்தரத்தில் நிற்கிறது. யாராவது மிதிக்க மிதிக்க இறங்குகிறது, இல்லையென்றால் உடைகிறது. மூன்றாவது கட்டம் இறங்கியிருந்தது. நான்காவது மூன்று துண்டாக உடைந்திருந்தது. நானோ இத்தனை நாளும் மேலே பூசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் கலவை எதையும் தொடவில்லை. சாக்பீஸ், நூல், ரசமட்டம், ஸ்கேல், நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான். கேட்டிலிருந்து படி வரை நூல் பிடித்து, ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் என்று அளந்து, கட்டத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதினேன். முதல் கட்டம் இரண்டாவதைவிட 14 கீழே. ஆனால் தட்டினால் கணீர். மூன்றாவது 28 கீழே, அடியில் காலி. நான்காவது உடைசல். ஐந்தாவதில் குறை இல்லை. ஆறாவது ஒரு பக்கம் 35 மேலே ஏறியிருந்தது, பக்கத்தில் மரம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே 8. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது, 'நடைபாதை சரியில்லை' என்று ஒரே வியாதியாக நினைத்திருந்தது உண்மையில் ஐந்து வெவ்வேறு வியாதிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகச் சிமெண்டைப் பூசினால் எப்படி நிற்கும்?

இரண்டு முன்வேலை இருந்தது. வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு அரைமணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடினால் பூமிக்கடியில் எங்கோ கசிவு என்று அர்த்தம். ஓடவில்லை. பிறகு தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று தேடிக் குறித்துக்கொண்டேன். ஐந்தாவது கட்டத்துக்கு அடியில் ஒரு குழாய் குறுக்கே போகிறது. தெரியாமல் கடப்பாரையை இறக்கியிருந்தால் வேறு ஒரு கதை எழுதியிருப்பேன்.

முதலில் மழைநீர்க் குழாய். ஒரு எல்போ போட்டு 10 அடி குழாயை நீட்டி, தோட்டத்தின் தாழ்வான பக்கத்துக்கு விட்டேன். நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் பள்ளமாயிருந்த இடத்தில் மண் கொட்டி இறுக்கி, வெளிப்பக்கமாக வாட்டம் (லேசான சரிவு) கொடுத்தேன். அப்புறம் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருந்தேன். குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் விரிசல் பக்கம் வரவேயில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மூன்றாவது கட்டம் உடையாமல் முழுசாக இருந்ததால் அதைத் தூக்கி நிறுத்தலாம் என்று முடிவு. இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கட்டத்தில் துளை போட்டு, அடியில் சிமெண்ட்டும் மண்ணும் கலந்த குழம்பையோ, உள்ளே போய் உப்பும் பாலியூரிதீன் நுரையையோ பம்ப் வைத்து ஏற்றுவார்கள். பெரிய தளம், கார் நிற்கும் இடம் என்றால் அதுதான் சரி. எனக்கு இருந்தது ஒரே ஒரு கட்டம், அதுவும் 3 அங்குலக் கனம். கன மீட்டருக்கு 2,400 கிலோ என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 270 கிலோ. முழுசாகத் தூக்கினால்தான் 270. ஒரு விளிம்பை மட்டும் நெம்பினால் பாதி, அதாவது 135. 5 அடி கடப்பாரைக்கு அடியில், நுனியிலிருந்து அரை அடியில் முட்டுக்கட்டை வைத்தால் ஒன்பது மடங்கு நெம்புவலு கிடைக்கும். கணக்குப்படி 15 கிலோ அழுத்தம் போதும். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது.

கடப்பாரையில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. மச்சானும் சேர்ந்து அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம், கட்டம் எழுந்தது என்று சந்தோஷப்பட்டோம். எழவில்லை. இரண்டாவது கட்டத்தின் மூலை ஒரு கையகலம் தெறித்திருந்தது. கட்டங்களுக்கு நடுவே கோடு என்று நான் நினைத்தது வெறும் மேல்கீறல்தான்; அடியில் பழைய கான்கிரீட்டும், பல வருட மண்ணும், போதாததற்கு என் மூன்று பூச்சின் மிச்சமும் சேர்ந்து இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. டைமண்ட் டிஸ்க் போட்டு இரண்டு பக்கக் கோட்டையும் முழு ஆழத்துக்கு அறுத்துவிட்ட பிறகு, அதே கட்டம் அதே கடப்பாரைக்கு முனகாமல் எழுந்தது. முதலில் அறுங்கள், பிறகு நெம்புங்கள். அந்த மூலை இன்றைக்கும் ஒட்டுப்போட்ட வேறு நிறத்தில் இருக்கிறது.

எழுந்த கட்டத்துக்கு அடியில் கை விடவே கூடாது. ஒருவர் நெம்ப, இன்னொருவர் ஒரு குச்சியால் தள்ளிக் கட்டையைச் சொருக வேண்டும். அரை அங்குலம் எழுந்தால் அரை அங்குலக் கட்டை, இன்னும் அரை அங்குலம் எழுந்தால் இன்னொன்று. அப்படி ஒரு சாண் வரைக்கும் ஏற்றி, நாலு மூலைக்கும் செங்கல் முட்டுக் கொடுத்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குகை. மழைக்குழாய் இருந்த பக்கம் முழங்கை ஆழம், எதிர்ப்பக்கம் போகப் போகக் குறைந்துகொண்டே போனது. அடிப்பக்கத்தில் ஈரக் களிமண் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குகையின் மேலேதான் இத்தனை வருடம் நடந்துகொண்டிருந்தோம்.

எதைப் போட்டு நிரப்புவது? என் கையில் மணல் இருந்தது, அதையே தள்ளிவிடலாம் என்றேன். மேஸ்திரியிடம் போனில் கேட்டதற்கு, "மணல் தண்ணி மாதிரி தம்பி, வழி கிடைச்சா ஓடிடும்" என்றார். கிரஷர் டஸ்ட்டில் (கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள்) பத்துக்கு ஒன்று சிமெண்ட் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரம் காட்டி, ஆழமான பக்கத்தை இரண்டு மூன்று அடுக்காக நிரப்பினோம். ஒவ்வொரு அடுக்கையும் நீளக் கட்டையின் முனையால் இடித்து இறுக்கினோம். குனிந்து பக்கவாட்டில் இடிப்பது முதுகை ஒடிக்கிற வேலை. ஆனால் இறுக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி 'டொப்'. மேலே ஒரு அங்குலம் மட்டும் இடிக்காமல் பரப்பி மட்டம் பார்த்து, செங்கல் முட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கட்டத்தை இறக்கினோம். 6 மில்லிமீட்டர் மேலே நின்றது. அதை வேண்டுமென்றேதான் விட்டோம். மேலே பலகை வைத்து, ஏறி நின்று, சம்மட்டியால் மெதுவாகத் தட்டத் தட்ட இறங்கி, இரண்டாவது கட்டத்தோடு 2 மில்லிமீட்டரில் வந்து நின்றது. சுத்தியலால் தட்டினேன். கணீரென்று இல்லை, ஆனால் 'டொப்'பும் இல்லை. போதும்.

நான்காவதை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். உடைத்தபோது தெரிந்தது, 3 அங்குலம் என்று நினைத்த கனம் நடுவில் 2 அங்குலம்தான் இருந்தது. அடியில் ஜல்லியும் இல்லை, வெறும் மண்மேல் நேராகக் கொட்டியிருக்கிறார்கள். 8 அங்குலம் தோண்டி, அடிமண்ணைத் திமிசால் இறுக்கி, 4 அங்குலம் ஜல்லியும் டஸ்ட்டும் இரண்டு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து மறுபடி திமிசு போட்டோம். மீதி 4 அங்குலம் கான்கிரீட்டுக்கு. பழைய கட்டங்களைத் தொடும் இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் தெர்மோகோல் பட்டை நிறுத்தினோம், புதுசும் பழசும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நீண்டு சுருங்கட்டும் என்று.

வாட்டம் பற்றி ஒரு சின்ன உத்தி. 4 அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது, நடப்பவருக்குச் சரிவும் தெரியாது. இதை அளக்க, 4 அடி மட்டக்கோலின் ஒரு முனைக்கு அடியில் ஓர் அங்குலக் கட்டையை ஒட்டி, மேலே ரசமட்டத்தை வைத்துவிட்டால் போதும். கட்டையுள்ள முனை தாழ்வுப் பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்க்கும்போது குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

அளவு: 4 அடிக்கு 4 அடி, 4 அங்குலக் கனம், சிமெண்ட் ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. கிட்டத்தட்ட 60 கிலோ சிமெண்ட் பிடிக்கும். ஒரு மூட்டை 50 கிலோதான், அதனால் இரண்டு மூட்டை எடுத்துவைத்தேன். கொட்டிக்கொண்டிருக்கும்போது சிமெண்ட் தீர்ந்துபோவதைப் போல ஒரு அவஸ்தை கிடையாது. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதைவிடக் குறைவு. கலக்கும்போது கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும், இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் சுலபமாகிவிடும் என்று தோன்றும். அந்தச் சொம்புதான் எதிரி. அதில் நான் கெட்டியாக நின்றேன். கோட்டை விட்டது வேறு இடத்தில்.

கொட்டி, மட்டக்கோலால் இழுத்து, மணியாசக்கட்டையால் தேய்த்து முடித்தோம். கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் பளபளவென்று கசிந்து நின்றது. கான்கிரீட் என்றால் இப்படித்தான். கனமானவை கீழே உட்கார, தண்ணீர் மேலே வரும். அது தானாக வற்றும்வரை தொடக் கூடாது. ஒரு மணி நேரம் பார்த்தோம், வற்றவில்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் சிமெண்ட் தூவிடலாம் மாப்ளே, சட்டுனு இழுத்துக்கும்" என்றான் மச்சான். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், நானும் சரி என்றேன். இரண்டு பிடி தூவித் தேய்த்தோம். கண்ணாடி மாதிரி வந்தது. துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து, ஷீட் போட்டு மூடினோம். பெருமையாக இருந்தது.

நாலு மாதம் கழித்து அந்தக் கட்டத்தின் மேல்தோல் நகக்கனத்துக்கு உரிய ஆரம்பித்தது. துடைப்பக் கோடுகளும் அதோடு போயின, சொரசொரப்பும் போயிற்று. தூவிய சிமெண்ட் மேலே ஒரு வறண்ட தோலாக நின்று, கீழிருந்து வந்த தண்ணீரைத் தனக்கடியில் சிறைபிடித்துக்கொள்கிறது. தோலுக்கும் உடம்புக்கும் நடுவே நொய்ந்த ஒரு படலம் உருவாகிறது. கட்டத்தின் உடம்பு உறுதியாகத்தான் இருக்கிறது, தோல்தான் நிற்கவில்லை. தண்ணீர் வற்றவில்லை என்றால் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டத்தின் குறுக்கே படுக்கவைத்து மெதுவாக இழுத்துத் தண்ணீரை ஓரமாகத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். குதிகாலை வைத்தால் கால் அங்குலம் மட்டும் பதிகிற பதம் வந்த பிறகுதான் கடைசித் தேய்ப்பும் துடைப்பமும்.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. முழங்கால் இரண்டும் எரிந்தன. பகலில் ஈரக் கான்கிரீட் ஓரத்தில் மண்டியிட்டிருந்தேன், பேண்ட் நனைந்திருந்தது, வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. ஈர சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். படும்போது வலிக்காது, மணிக்கணக்கில் ஊறிய பிறகுதான் காட்டும். தோல் சிவந்து கொப்புளம் கட்டி ஆற இரண்டு வாரம் ஆனது. கையுறையும் பூட்ஸும் போட்டிருந்தேன், முழங்காலை மறந்துவிட்டேன். நனைந்த துணியை உடனே கழற்றி, நிறையத் தண்ணீரில் கழுவியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

தண்ணீர் காட்டுவது ஏழு நாள். நனைத்த சாக்கு, அதன்மேல் ஷீட், காலையும் மாலையும் ஒரு வாளி. வெயிலில் சாக்கு காய்ந்துபோனால் அது கான்கிரீட்டிலிருந்தே ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், அதனால் ஷீட் முக்கியம். மூன்றாம் நாளிலிருந்து நாங்கள் நடந்தோம். அப்பாவை ஏழாம் நாள் வரை பக்கவாட்டு மண்வழியாகத்தான் கூட்டிப்போனோம். அதற்குள் அவர் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்திருந்தார்.

ஆறாவது கட்டத்தில்தான் வீட்டில் சண்டை. வேரை வெட்டிவிட்டால் முடிந்தது என்றான் மச்சான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டத்தை உடைத்து எடுத்துப் பார்த்தால், மணிக்கட்டைவிடப் பருமனான ஒரு வேர், மரத்திலிருந்து 5 அடியில், கான்கிரீட்டின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டே போகிறது. மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் ஈரமும் இருக்கும், காற்றும் இருக்கும். வேருக்கு அதைவிடச் சௌகரியமான பாதை ஏது? இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பருமனான வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகலாம், அதைவிட மோசமாக, ஒரு காற்றில் சாயலாம். சாய்ந்தால் விழுவது எங்கள் கூரைமேல். விரல் பருமனான இரண்டு கிளைவேர்களை மட்டும் ரம்பத்தால் பிசிறில்லாமல் அறுத்துவிட்டு, பெரிய வேரைச் சுற்றி மணல் மெத்தை போட்டு, கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பேவர் பிளாக் பதித்தேன். இரண்டு பக்கத்துக் கட்டங்களும் பிளாக்குகளை விலகாமல் பிடித்துக்கொள்கின்றன, மற்ற இரண்டு ஓரத்துக்கும் சிமெண்ட்டில் கரை கட்டினேன். வேர் வளரும், பிளாக் தூக்கும். அப்போது பிளாக்கை எடுத்து, மணலைச் சுரண்டி, மறுபடி பதித்துக்கொள்ளலாம்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த 8 மில்லிமீட்டருக்குக் கிரைண்டர். கப் வடிவ டைமண்ட் வீல் போட்டு, மேட்டுப் பக்கத்தில் ஓர் அடி நீளத்துக்குப் படிப்படியாகத் தேய்த்துச் சரிவாக்கினேன். முக்கால் மணி நேர வேலை. தூசுதான் பெரிய பிரச்சினை. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் போனதுதான். துணி கட்டினால் போதாது, என்95 மாஸ்க்காவது வேண்டும். கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று தேய்த்தேன். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசு அடங்கும், ஆனால் என்னுடையது சாதாரண மின்சாரக் கிரைண்டர், ஈரத்தில் வைத்துத் தேய்க்கிற மிஷின் இல்லை, அதனால் துணியவில்லை. தேய்த்த இடத்தில் ஜல்லி தெரிந்து மொசைக் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக முதல் கட்டம். 14 மில்லிமீட்டர், அடி உறுதி. பூசினால் நிற்கக்கூடிய ஒரே இடம் இதுதான். முன்பு நான் பூசியது எல்லாமே ஒரு முனையில் காகிதக் கனத்துக்கு மெலிந்து முடிந்தது. அந்த முனைதான் முதலில் பெயர்ந்தது. இந்த முறை, சரிவு முடிய வேண்டிய இடத்தில், கோட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, டிஸ்க்கால் அரை அங்குல ஆழத்துக்கு நேர்க்கோடு அறுத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் உளியால் கொத்தினேன். இப்போது பூச்சுக்கு எந்த முனையிலும் அரை அங்குலத்துக்குக் குறையாத கனம், முட்டி நிற்க ஒரு சுவர். முந்தின நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் நின்ற தண்ணீரைத் துடைத்து, உள்ளே ஈரம் மேலே பளபளப்பு இல்லை என்ற நிலையில், எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டும் திறனைக் கூட்டும் செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலைப் பிரஷால் அழுத்தித் தேய்த்தேன். இந்த முறை கலவை முதலிலேயே சட்டியில் தயாராக இருந்தது. பால் பிசுபிசுவென்று இருக்கும்போதே சிமெண்ட் ஒன்றுக்கு மூன்று மணல் கலவையை வைத்து அழுத்தினேன். அந்த லேடெக்ஸ் கலவையிலும் சேர்ந்ததுதான்.

அப்புறம் எல்லாக் கோடுகளிலும் மண்ணைச் சுரண்டி எடுத்து, தெர்மோகோலின் மேல் முனையைச் செதுக்கி, பாலியூரிதீன் சீலன்ட் அடைத்தேன். சலிப்பான வேலை, முழங்காலில் தவழ்ந்து செய்ய வேண்டும். இந்த முறை முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலம் முடிந்ததும் அதே நோட்டை எடுத்து, அதே இடங்களில் நூல் பிடித்து அளந்தேன். ஒன்றாவது கோடு 0. இரண்டாவது 2-ஆக இருந்தது 3 ஆகியிருக்கிறது. ஏழாவது அப்படியே. நான்காவது கட்டத்தின் தோலை அடுத்த விடுமுறையில் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும், அம்மாவுக்கு இன்னொரு மொசைக். ஆறாவதில் மூன்று பிளாக்குகள் 4 மில்லிமீட்டர் தூக்கியிருக்கின்றன. 6 வந்தால் எடுத்துச் சுரண்டலாம் என்று பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.